கால் பக்கச் செய்தி

ஆவுடையப்பன் சார் சாப்பிடப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று வரவேற்பில் இருந்த பெண் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள், பிலோமினா உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, கூப்பிட்டால் எழுந்திருக்கவும் விரட்டினால் ஓடவும் தோதாக நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஓவியக் கண்காட்சியின் அழைப்பிதழ், அதைப் பற்றிய குறிப்பு, நயினார் அண்ணாச்சி பொறுக்கிக் கொடுத்த புகைப்படங்கள். நாளைச் சாயங்காலம் திறப்பு. போன வருஷம் இதே ஆறு பேரும் சேர்ந்து வைத்த கண்காட்சிக்கு வந்தது அவரவர் வீட்டு ஆட்களும் மழைக்கு ஒதுங்கினவர்களும்தான். பேப்பரில் வரவில்லை, அதனால் ஊருக்குத் தெரியவில்லை என்று அண்ணாச்சி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சிதான் குழுவுக்குத் தலை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளக்ஸ் கடை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் கடலை வரைகிறார். அவர் வரைகிற கடலைப் பார்த்தால் கடலுக்கே குமட்டும் என்று அவள் நினைத்ததுண்டு, நல்லாருக்கு அண்ணாச்சி என்றுதான் வாய் சொல்லியிருக்கிறது. இந்தத் தடவை பேப்பர் ஆபீசுக்கு நீங்க போங்க டீச்சர், பொம்பளை நேர்ல போய்க் கேட்டா மூஞ்சிக்கு நேரே இல்லைன்னு சொல்லமாட்டான் என்று அவர் சொன்னபோது மற்ற நாலு பேரும் சுவரைப் பார்த்தார்கள். அவள் ஏன் சரி என்றாள்? எந்தப் பேப்பர் என்று கேட்டிருக்கலாம். கேட்டாள். அவர் சொன்னார். சொன்ன பிறகும் சரி என்றாள். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டிவரும், அதைச் சொல்வதைவிட இந்த நாற்காலி நுனி மேல் என்று அப்போது தோன்றியிருக்கிறது.

குளிர் அதிகமாக வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்குள் வெயில் வராது, தூத்துக்குடியின் உப்புக் காற்று வராது, யாரோ டப்பாவைத் திறந்த புளிக்குழம்பு வாசம் மட்டும் வெளியே போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் இவர்கள் ஆபீஸ் இப்படி இல்லை. சைக்கிள் கடைக்கு மேலே, ஒடுக்கமான மாடி. அந்த மாடிப்படி வரைக்கும் அவள் போயிருக்கிறாள், அவளைப் பற்றி அந்தச் செய்தி வந்த இரண்டாம் நாள், கறுப்புச் சேலையில், கேட்டுவிட்டே வருவது என்று. படியில் கால் வைத்ததும் சைக்கிள் கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். அவன் பார்த்தது அவளையா, பேப்பரில் பார்த்த முகத்தையா? திரும்பிவிட்டாள். அன்றைக்குத் திரும்பினவள் எத்தனையோ வருஷம் அந்தத் தெரு வழியே போகவில்லை, மார்க்கெட்டுக்குச் சுற்றிப் போனாள், கோவிலுக்குச் சுற்றிப் போனாள். இப்போது அவர்கள் தரையெல்லாம் கிரானைட் போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, வாசலில் போன்சாய் வைத்து நன்றாக இருக்கிறார்கள். நன்றாக இருக்கட்டும். அந்தப் போன்சாய் பட்டுப்போகட்டும். சீ, செடி என்ன செய்தது. செடியை விட்டுவிடலாம். மற்றது பட்டுப்போகட்டும்.

இங்கே வேலை பார்க்கிற ஆவுடையப்பன் வேறு ஆவுடையப்பனாக இருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தப் பக்கத்தில் அந்தப் பெயருக்கா பஞ்சம். ஆனால் எதிர்ச் சுவரில் ஏதோ விருது வாங்குகிற படம் மாட்டியிருந்தது, அதில் அதே நெற்றி, ஒரு புருவம் மட்டும் தூக்கி நிற்கிற அதே பார்வை. அன்றைக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக வந்தான். வந்தார். இல்லை, அன்றைக்கு வந்தான்தான். அவனுக்கு அப்போது மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அவள் புருஷன் சேவியரைப் பெட்டியில் வைத்து இன்னும் தூக்கவில்லை, உள்ளே பெண்கள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன், முப்பத்தெட்டு வயசு, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் எல்லாரும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் அடுக்களை வாசலுக்கு வந்து, அக்கா ஒரு செம்பு தண்ணி என்று கேட்டான். அவளே கொடுத்தாள். குடித்துவிட்டு, அண்ணனோட போட்டோ ஒண்ணு இருந்தா குடுங்கக்கா, மரியாதையாப் போடுவோம் என்றான். ஆல்பத்தில் சேவியர் தனியாக இருக்கிற படம் அகப்படவில்லை, கல்யாணப் படத்தை உருவிக் கொடுத்தாள். அவள் கையால் கொடுத்தாள். மறுநாள் அந்தப் படம்தான் வந்தது, இரண்டு பேரும், மாலையோடு. மேலே தடித்த எழுத்தில், மனைவியின் நடத்தையில் சந்தேகம். கீழே, கிரேன் ஆபரேட்டர் விபரீத முடிவு. அதற்கும் கீழே, நமது நிருபர். நமது. யாருக்கு நமது? தண்ணீர் கொடுத்தவளுக்கா?

இதையெல்லாம் அவனிடம் கேட்கவேண்டும் என்று எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருக்கிறாள். குளிக்கும்போது, பாத்திரம் துலக்கும்போது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பூந்தொட்டி வரைந்துகொண்டிருக்கும்போது. ஒத்திகையில் அவள் எப்போதும் நன்றாகப் பேசுவாள், அவன் எப்போதும் தலையைக் குனிவான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரு இடத்தில் வந்து அந்தப் பேச்சு முட்டிக்கொள்ளும், துணி முள்ளில் மாட்டினது மாதிரி, இழுத்தால் கிழியும். யாரு கூடப் பேசிட்டு வார. சேவியர் கேட்டது அது. ஒரே ஒரு தடவை கேட்டான். சாவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால், அவள் சனிக்கிழமை ஓவிய வகுப்பு முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, இருட்டில் உட்கார்ந்துகொண்டு, கோபமில்லாமல், மணி என்ன என்று கேட்பதுபோல் கேட்டான். அவன் அந்த வருஷம் முழுக்க இருட்டில்தான் உட்கார்ந்திருந்தான். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வேலைக்குப் போனால் கிரேன் உச்சியிலிருந்து இறங்கப் பிடிக்கவில்லை என்றான். டாக்டரிடம் போவோம் என்றால் எனக்கு என்ன என்றான். அப்படிப்பட்ட மனுஷன் கேட்ட ஒரு கேள்வி. அவள் பதில் சொல்லவில்லை, அடுக்களைக்குள் போய்விட்டாள். அதை அவன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறான், அண்ணன் போலீசில் சொன்னான், போலீஸ் எழுதியது, இவன் அச்சடித்தான். அப்படியென்றால் பேப்பரில் வந்தது பொய்யா? பொய். முழுக்கப் பொய்யா? இந்த இடம்தான். இந்த இடத்தில்தான் மாட்டும். ஓவிய வகுப்பு எடுத்தவருக்கு அறுபது வயசு, காது கேட்காது, அவர் மனைவிதான் எல்லாருக்கும் காப்பி போடுவாள். யாரிடம் போய்ச் சொல்வது இதை? அதன் பிறகு பல வருஷம் அவள் தூரிகையைத் தொடவில்லை. தொட்டால் அந்தச் செய்தியை ஒத்துக்கொண்டது மாதிரி. மறுபடி தொட்டபோது வரைந்ததெல்லாம் மொட்டைமாடிகள். கொடியில் காயும் துணிகள், அவற்றின்மேல் காற்றில் வந்து படிகிற கரித்தூசி, துணியை எடுக்க ஆள் இல்லை. ஆள் ஏன் வரைய மாட்டேங்குதீங்க டீச்சர் என்று அண்ணாச்சி கேட்டார். வராது அண்ணாச்சி என்று சொல்லிவைத்தாள்.

கதவு திறந்தது, வெயில் ஒரு வீச்சு உள்ளே வந்து போயிற்று. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தவர் அவளைத் தாண்டிப் போய், திரும்பி, கண்காட்சியா, வாங்கம்மா என்றார். தொப்பை விழுந்திருந்தது, மீசை நரைத்திருந்தது. அவள் எழுந்த வேகத்தில் உறை மடியிலிருந்து நழுவியது. இப்போது பார்ப்பான், இப்போது அந்தப் புருவம் தூக்கும், இப்போது. ஒன்றும் தூக்கவில்லை. அறைக்குள் உட்காரவைத்து, டீ சொல்லி, தனக்குச் சீனி போடாமல் என்று சொல்லி, சர்க்கரை வந்ததிலிருந்து நாக்கு செத்துப்போச்சு என்று வருத்தப்பட்டார். அவளை முன்பின் பார்த்திராத ஒருத்தியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். இத்தனை வருஷமாக அவனை நெஞ்சில் சுமந்து திரிந்திருக்கிறாள், அவனிடம் அவள் இல்லவே இல்லை. தெரிந்தும் தெரியாதவன்போல் இருந்திருந்தால்கூட ஒரு கணக்கு இருந்திருக்கும். இந்த மனுஷனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. டீ வந்தது. குடித்தாள். தொண்டைக்குள் இறங்கவும் செய்தது, என்ன தொண்டையோ.

படங்களைப் புரட்டினார். அண்ணாச்சியின் கடலில் ஒரு கணம் நின்று கடந்தார், மொட்டைமாடியில் நிற்கவே இல்லை. கண்காட்சின்னா இன்றைய நிகழ்ச்சிகள்ல ரெண்டு வரி போடலாம், அதை யாரும் படிக்கமாட்டாங்க என்றார். பெரிசாப் போடணும்னா உள்ளுக்குள்ள ஒரு கதை வேணும், மனுஷக் கதை. பிறகு முன்னால் சாய்ந்து, குரலைத் தணித்து, துட்டி வீட்டில் துக்கம் விசாரிக்கிற தோரணையில் சொன்னார்.

“நயினார் காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிட்டாருமா. உங்க வீட்டுக்காரர் தவறிப்போனது, ஊரே உங்களைத் தப்பாப் பேசினது, அதையெல்லாம் தாண்டி நீங்க வரைஞ்சு மேல வந்தது. கால் பக்கம் தாறேன். உங்க படத்தோட.”

அவளுக்கு முதலில் கேட்டது கால் பக்கம் என்பது மட்டும்தான். மற்றது ஒவ்வொன்றாகப் பிறகு வந்தது, தாமதமாக வந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்குவதுபோல். அண்ணாச்சிக்குத் தெரியும். தெரியாத மனுஷன் என்று நம்பித்தானே அந்தக் குழுவில் சேர்ந்தாள். அவர் அந்தச் சமயத்தில் வெளியூரில் இருந்தவர், அந்தப் பேப்பர் அவர் கண்ணில் பட்டிருக்காது என்று நம்பித்தானே அவர் கடலை நல்லாருக்கு என்றாள். டீச்சர் உங்க படத்துல ஒரு துக்கம் இருக்கு என்று அவர் முதல் நாள் சொன்னபோது படத்தைப் பார்த்துச் சொன்னாரா, தெரிந்துகொண்டு சொன்னாரா? குழுவில் சேர்த்தது மொட்டைமாடிக்காகவா, இதற்காகவா? பொம்பளை போனா இல்லைன்னு சொல்லமாட்டான். மற்ற நாலு பேரும் சுவரைப் பார்த்தார்களே, அவர்களுக்கும் தெரியும். ஆறு பேரில் ஐந்து பேருக்குத் தெரிந்து, அவளை ஒரு புகைப்படம் மாதிரி உறையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவளும் வெயிலில் பஸ் ஏறி, தன்னைத் தானே கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறாள்.

“ஊர் பேசினதுன்னு சொன்னியளே சார்,” என்றாள். “பேசினது ஊர் இல்ல. உங்க பேப்பர். எழுதினது நீங்க. எங்க வீட்டு அடுக்களை வாசல்ல நின்னு எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு எழுதினிய.”

இதோ, ஒத்திகை பார்த்த இடம். தலை குனிய வேண்டிய இடம். ஆவுடையப்பன் தலை குனியவில்லை, யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், கண்ணை மூடி, எந்தத் தெரு என்று கேட்டு. ஞாபகமில்லைம்மா என்றார். அப்போதெல்லாம் அன்றாடம் அந்த மாதிரி மூன்று நான்கு வரும், ஸ்டேஷனில் என்ன எழுதிக் கொடுக்கிறார்களோ அதைப் போடுவோம், நானாக ஒரு எழுத்து சேர்த்திருக்க மாட்டேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது, அதுதான் அவளை எரித்தது. பொய் சொன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கும். இது வழவழவென்று இருக்கிறது, இந்தத் தரை மாதிரி. அதற்குள் அவர் முகத்தில் வேறு என்னவோ தெளிந்துவந்தது. பேனாவை எடுத்தார். அப்போ அன்னைக்குச் செய்தி போட்ட பேப்பரே இன்னைக்கு உங்களைப் பாராட்டிப் போடுது, இது இன்னும் நல்லாருக்குமே, எங்க பேரைச் சொல்லாம பொதுவா ஒரு பத்திரிகைன்னு போட்டுக்கிடலாம் என்றார். மகள் இருக்காளாமே, என்ன பண்ணுதா?

ஜெனிட்டா. இவன் வாயில் அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் எழுந்துவிட வேண்டும். ஜெனிட்டா அப்போது ஒன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு என்னம்மா என்று அவள் கேட்டபோது வயித்துவலி கண்ணு என்றாள் பிலோமினா, சட்டென்று வாய்க்கு வந்தது அது. அந்தப் பொய்தான் வளர்ந்தது, மகளோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போனது, காலேஜ் போனது, இப்போது கோயம்புத்தூரில் கம்பெனி வேலைக்கும் போகிறது. செய்தி வந்தால் யாராவது அதைப் படம் எடுத்து அவள் போனுக்கு அனுப்புவார்கள். உங்க அம்மாவா இது என்று. இவள் வேண்டாம் என்று சொன்னாள். படத்தைப் பற்றி மட்டும் போடுங்கள், ஆறு பேர் பேரையும் போடுங்கள், என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு எழுத்து வேண்டாம். ஆவுடையப்பன் பேனாவை மூடவில்லை. அந்தக் கதை இல்லைன்னா கால் பக்கம் எதுக்கும்மா என்றார். நீங்க சொல்லாட்டியும் பரவால்ல, நயினார் சொன்னதை வச்சு எழுதிக்கிடுதேன், உங்களுக்குக் கெடுதலா ஒண்ணும் வராது, மரியாதையாப் போடுவோம்.

மரியாதையா. அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். வரவேற்புப் பெண் என்னவோ கேட்டாள், காதில் விழவில்லை. வெயில் முகத்தில் அறைந்தது. பழச்சாறு கடை வாசலில் மிக்சி இரைந்துகொண்டிருந்தது, அது நிற்கும்வரை காத்திருந்தாள், நின்றதும் இன்னொரு தடவை ஓடட்டும் என்று காத்திருந்தாள். இன்றைக்குச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு அவன் சொல்லிவிடுவான், அவனுடைய தடித்த எழுத்தில். போனை எடுத்தாள். ஜெனிட்டா சாப்பாட்டு நேரத்தில் இருந்தாள், பின்னால் கேன்டீன் சத்தம். பிலோமினா முன்னுரை எதுவும் போடவில்லை. அப்பாவுக்கு வியாதி இல்லை, அப்பாவே தன் உயிரை விட்டுவிட்டார் என்றாள். பேப்பரில் என்னைப் பற்றித் தப்பாகப் போட்டார்கள், அது நிஜமில்லை என்றாள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் முள்ளில் மாட்டின அந்த இடம் இழுத்தது, இழுக்கட்டும் என்று விட்டாள்: அப்பா ஒரு தடவை யார் கூடப் பேசிவிட்டு வருகிறாய் என்று கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான் கண்ணு. நாளைக்கு மறுபடி பேப்பரில் வரும்.

கேன்டீன் சத்தம் மெல்லக் குறைந்தது, மகள் எங்கோ நடந்து தள்ளிப் போகிறாள் என்று தெரிந்தது. வைத்துவிடுவாளோ. திட்டட்டும். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்கட்டும்.

“அப்போ அப்பாவுக்கு வயித்துவலியே இல்லையாம்மா?” என்றாள் ஜெனிட்டா.

இல்லை என்றாள் இவள்.

“எனக்கு வயித்துவலி வரும்போதெல்லாம் அப்பா மாதிரிச் செத்துப்போவேன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். உங்கிட்டச் சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல. ரெண்டு தடவ ஸ்கேன்கூட எடுத்தேன்.”

சாயந்தரம் கூப்பிடுகிறேன் என்று மகள் வைத்துவிட்டாள். கூப்பிடுவாளா மாட்டாளா என்று குரலில் தெரியவில்லை. பிலோமினா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள், வெளியே எதையும் பார்க்கவில்லை. பரீட்சைக்கு முந்தின ராத்திரிகள், வயதுக்கு வந்த புதிதில் சுருண்டு படுத்திருந்த நாட்கள், ஒண்ணுமில்லம்மா என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட முதுகு. பக்கத்தில் உட்கார்ந்து வெந்தயம் கரைத்துக் கொடுத்தவள் இவள்தான். பிள்ளை அந்த டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டுச் சாவை நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அவன் ஒரு செய்தி போட்டான், பத்துப் பேர் படித்தார்கள், நூறு பேர் படித்தார்கள், மறந்தார்கள். இவள் போட்ட செய்தியை ஒரே ஒருத்திதான் படித்தாள், வருஷக்கணக்காக. ஆவுடையப்பன்மேல் இருந்த வெறுப்பைத் தேடிப் பார்த்தாள், இருந்தது, இடம் மாறவில்லை, ஆனால் வெறுப்பு இருந்த அந்த வீட்டில் இப்போது இன்னொரு ஆளும் குடிவந்திருந்தாள், அவளேதான். அந்த ஆளை எந்த ஆபீசுக்குப் போய்ப் பார்ப்பது.

ஹாலில் படங்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியின் கடல் வாசலுக்கு நேரே, மொட்டைமாடிகள் தூணுக்குப் பின்னால். அவளைக் கண்டதும் ஏணியிலிருந்து இறங்கி வந்தார் அண்ணாச்சி, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, கால் பக்கமாமே டீச்சர் என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கேட்க எவ்வளவோ இருந்தது, எல்லாம் வாய்வரை வந்து, இந்த மனுஷனுக்கு இது எதுவும் விளங்காது என்று திரும்பிப்போயின. அவர் கெட்டவர்கூட இல்லை. கண்காட்சிக்கு ஆள் வரவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. கடலை வரைந்தார், ஆள் வரவில்லை. அவளைக் காட்டினால் வருவார்கள் என்று நினைத்தார். அப்போது அவர் போன் அடித்தது. ஆவுடையப்பன்தான். ஸ்பீக்கரில் போட்டார், எல்லாரும் கேட்கட்டும் என்று. தலைவர் ஒருத்தர் ஊருக்கு வருகிறாராம், திடீர் ஏற்பாடு, பக்கமெல்லாம் வரவேற்பு விளம்பரம் வந்து குவிந்துவிட்டது, கால் பக்கத்துக்கு இடமில்லை. நிகழ்ச்சிகளில் இரண்டு வரி வரும், அந்தக் கதையைப் பிறகு எப்போதாவது பார்க்கலாம், அந்தம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க, கொஞ்சம் சொல்லிவைங்க.

ஹாலில் ஆணி அடிக்கிற சத்தம் நின்றது. அண்ணாச்சி போனை வெறித்துப் பார்த்தார், பிறகு அவளை. நிதானமாப் பேசியிருந்தா அவன் இடம் பண்ணியிருப்பான் டீச்சர் என்றார், கோபத்தை அடக்கிக்கொண்டு. எல்லாரோட உழைப்பும் இதுல இருக்கு. நாளைக் காலையில முதல் ஆளாப் போய் அவனைப் பாருங்க, ரெண்டு வார்த்தை தணிஞ்சு பேசுங்க, மூணாம் நாளுக்காவது போட்டுக்குடுப்பான்.

பிலோமினா உறையை அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்க போங்க அண்ணாச்சி,” என்றாள். “உங்க வீட்டுல செத்தவங்க யாராவது இருந்தா, அவங்களைச் சொல்லிக் கேளுங்க.”

அவள் தூணுக்குப் பின்னால் போய், தன் படங்களில் பெரியதைச் சுவரிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நேரே வந்தாள். அந்தக் கடலைக் கொஞ்சம் அங்கிட்டு நகட்டச் சொல்லுங்க என்றாள்.